பிரேக் அக்காவின் வலது கால்

அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டப் பழகிய ஆயிரத்துச் சொச்சம் பேரில் அவளுடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூடத் தேற மாட்டார்கள். எல்லாருக்கும் அவள் பிரேக் அக்கா. பழகுகிறவரின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் மட்டும் கிடையாது. "ஸ்டியரிங் உங்க கையில, உயிர் என் கால்ல" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவாள். அதைக் கேட்டுப் பாதிப் பேருக்குப் பயம் வரும், மீதிப் பேருக்கு நிம்மதி வரும். இரண்டுமே பழகுவதற்கு நல்லது என்பது அவள் கட்சி.

வகுப்பு நடக்கும்போது அவளைப் பார்த்தால் ஏதோ சும்மா கூட வந்தவள் மாதிரி இருக்கும். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாள், கடைப் பலகைகளை வாய்விட்டுப் படிப்பாள். ஆனால் ஓட்டுகிறவரின் இடது தோள் ஒரு விரல்கடை உயர்ந்தால் போதும், அடுத்து என்ன தப்பு வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கால் தன்பாட்டுக்குப் போய் பிரேக்கின்மேல் உட்கார்ந்துகொள்ளும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. ஒன்று உண்டு, நின்றிருந்த காரில் ஒரு சைக்கிள்காரர் தானாக வந்து மோதியது. அதையும் சேர்த்துச் சொன்னால் அவளுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும்.

நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தபோதும் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் ரத்தச் சோதனையில் ஒரு எண்ணைப் பார்ப்பார், "பரவாயில்லை" என்பார், இவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகுதான் அந்த அசதி வந்தது.

தூக்கம் இல்லாத அசதி என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். வேலை செய்த அசதி என்றால் உட்கார்ந்தால் போய்விடும். இது எதற்கும் மசியவில்லை. மத்தியானம் இரண்டு மணி வகுப்பில் யாரோ தலைமேல் ஈரச் சாக்கைப் போட்டதுபோல் கண் இறங்கும். வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் நின்று, கைப்பையில் சாவியைத் தேடுகிற மாதிரி பாவனை செய்வாள். சாவி கையில்தான் இருக்கும்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்த ஸ்கூலில் வயதான, கண் மங்கிய, கவனம் பிசகுகிற ஆசிரியர்களைக் காரைவிட்டு இறக்கி உள்ளறையில் உட்கார வைப்பார்கள். அங்கே ஒரு பலகை, ஒரு மேஜை, மேஜைமேல் நாலு பொம்மைக் கார்கள். அவற்றை நகர்த்தி நகர்த்திச் சாலை விதி சொல்லிக்கொடுக்க வேண்டும். சம்பளம் குறையாது, மரியாதையும் குறையாது. ஆனாலும் அந்த அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காரைவிட்டு இறங்குவது மட்டும் நடக்கக் கூடாது. மற்றது எது வேண்டுமானாலும் நடக்கட்டும், ஒரு கை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பார்க்கவும் ஆரம்பித்தாள். முதலில் நாத்தனார் வந்தாள், பையோடு. புருஷனின் தங்கை, நல்ல மனசு, நிற்காத வாய். சத்து மாத்திரைகள் விற்கும் ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். "அண்ணி, உங்களுக்கு உடம்புல சத்தே இல்ல. இதை மூணு மாசம் சாப்பிடுங்க, இருபது வயசுப் பொண்ணு மாதிரி ஆயிடுவீங்க" என்றாள். இருபது வயதில் தான் எவ்வளவு முட்டாளாக இருந்தோம் என்பது ஞாபகம் வந்தாலும் அண்ணி வாங்கிக்கொண்டாள். பட்டைத்தூள் மாத்திரை சர்க்கரைக்கு. மீன் எண்ணெய் இதயத்துக்கு. மெக்னீசியம் தசைக்கு. இருபத்தேழு சத்து அடங்கிய பவுடர் எல்லாவற்றுக்கும். பச்சைநிறத் தூள் ஒன்று; அது எதற்கு என்று நாத்தனாருக்கே சரியாகத் தெரியாது, ஆனால் அதுதான் ரொம்ப நல்லதாம். இப்படி ஒன்பது டப்பா; எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு நியாயம் தயாராக இருந்தது. உடம்பு மட்டும் எந்த நியாயத்தையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புருஷன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடம் தேடி, டப்பாக்களை ஓரம் கட்டிக்கொண்டே, "ஏம்மா, இது சாப்பிடுற மேஜையா, மருந்துக் கிடங்கா? எங்கிட்ட ஒரு ஃப்ரிட்ஜ் வந்து குளிர் வரலைன்னா, மேல மேல ஐஸ் கொண்டாந்து உள்ள வைப்பேனா? எங்க கேஸ் லீக்காகுதுன்னுதானே பார்ப்பேன்?" என்றார்.

"நான் என்ன ஃப்ரிட்ஜா? பேசாம சாப்பிடுங்க" என்றாள் அவள்.

போதாக்குறைக்கு அவளே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இரண்டு மணிக்குக் கண் இறங்கினால், "சுகர் இறங்கிடுச்சு" என்று முடிவு கட்டி, காரில் வைத்திருக்கும் தண்ணீர்ப் பாட்டிலில் குளுக்கோஸ் தூளைக் கொட்டிக் கலக்கிக் குடிப்பாள். அளந்து பார்த்ததில்லை. பத்து நிமிஷம் தெம்பு வந்ததுபோல் இருக்கும். பிறகு முன்னைவிட மோசமாகச் சாயும். மறுபடி குடிப்பாள். சர்க்கரையை மிச்சம் பிடிக்கிறேன் என்று காலையில் பட்டினி. பட்டினி கிடந்த கோபத்தில் மத்தியானம் தட்டு நிறையச் சோறு. கார் ஓட்ட வருகிறவன் இப்படி ஒரே நேரத்தில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் மிதித்தால் அவள் சும்மா விடுவாளா?

கால் விஷயத்தைச் சொல்லவே இல்லையே. காலில் மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் ஓர் உணர்வு, வெறுங்காலிலும். ஒருநாள் மாடிப்படியில் வலது செருப்பு கழன்றுவிட்டது. அது தெரியாமலே நாலு படி ஏறிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி எடுத்து நீட்டியபோதுதான் குனிந்து காலைப் பார்த்தாள். உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. ஆனால் அவள் என்ன செய்தாள்? செருப்பைக் குறை சொல்லி, வேறு செருப்பு வாங்கினாள்.

அந்தச் சமயத்தில் இரண்டு மணி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள் ஒரு மருந்துக்கடைக்காரி. நாற்பத்தைந்து வயது. கடையில் ஒரு மாத்திரை மாறாமல் எடுத்துக் கொடுக்கிற கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் வெடவெடக்கும். அவளுக்கு ஒரு பழக்கம்: பிரேக்கே போட மாட்டாள். எதிரே ஏதாவது வந்தால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, "அக்கா!" என்பாள். அக்காவின் கால் வேலை செய்யும், கார் நிற்கும். பதினாலு வகுப்பு இப்படியே போனது. கார் நின்ற ஒவ்வொரு தடவையும் அது நின்றது பக்கத்துச் சீட்டின் காலால்தான்.

பதினைந்தாவது வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறங்குகிற சரிவில் வந்துகொண்டிருந்தார்கள். வெயில் கண்ணாடியில் அடித்தது. அக்கா அன்றைக்கு ஏற்கெனவே அரைப் பாட்டில் குளுக்கோஸ் குடித்திருந்தாள். சரிவின் அடியில், ஒரு கட்டட வாசலிலிருந்து தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வெளியே வந்தது.

"அக்கா!"

பார்த்துவிட்டாள். அசதியிலும் அந்தக் கண் தப்பவில்லை. காலை நீட்டி முழுப் பலத்தோடு அழுத்தினாள். வண்டி நிற்கவில்லை. நிற்காதது மட்டுமல்ல, எஞ்சினின் பிடி விட்டுப்போய்ச் சரிவில் இன்னும் வேகமாக உருண்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். வலது கால் கிளட்சின்மேல் நின்றுகொண்டிருந்தது. பிரேக் பக்கத்தில் சும்மா இருந்தது. பத்தொன்பது வருஷமாகப் பார்க்காமலே போய் உட்கார்ந்த கால், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குச் சொல்லவே இல்லை.

அப்போது கார் குலுங்கி நின்றது. அக்காவின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. மடியிலிருந்த கைப்பை கீழே கவிழ்ந்து டப்பாக்கள் உருண்டன. லாரிக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். மருந்துக்கடைக்காரி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தன் பிரேக்கின்மேல் கிட்டத்தட்ட எழுந்து நின்றிருந்தாள்.

"அக்கா, நீங்க ஏன் போடல?" என்று திரும்பினாள்.

இந்த இடத்தில்தான் நம் பிரேக் அக்கா வாழ்க்கையிலேயே மோசமான பொய்யைச் சொன்னாள். அதுவும் எவ்வளவு சரளமாக! "வேணும்னேதான் விட்டேன். எத்தனை நாளைக்கு என் காலை நம்பியே ஓட்டுவீங்க? இன்னைக்கு உங்களுக்கு டெஸ்ட். நல்லாப் பண்ணீங்க."

மருந்துக்கடைக்காரியின் முகம் மலர்ந்தது. அவ்வளவு பயத்துக்கும் நடுவில் அப்படி மலர்ந்த முகத்தைப் பார்க்க அக்காவுக்குக் கூசியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காரை ஓரங்கட்டியதும் மருந்துக்கடைக்காரி குனிந்து டப்பாக்களைப் பொறுக்கினாள். அப்போதும் கண் தொழிலை விடவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தாள்.

"இதுல மூணு டப்பா ஒண்ணுதான்கா. லேபிள்தான் வேற வேற. இந்தப் பவுடர்ல ரெண்டாவதா எழுதியிருக்கிற சாமானே சர்க்கரை. யாருக்கு இதெல்லாம்?"

"எனக்குத்தான். கொஞ்சம் அசதி."

"சுகர் மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடுறீங்க? பேர் என்ன?"

அக்கா சொன்னாள். மருந்துக்கடைக்காரி டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தபோது இல்லாத ஒரு நிதானம் இப்போது அந்த முகத்தில் இருந்தது. "நான் டாக்டர் இல்லக்கா. ஆனா இந்த மாத்திரையை ரொம்ப வருஷம் சாப்பிட்டா சில பேருக்கு பி12 குறைஞ்சுபோகும். அசதி வரும், கால் மரத்துப்போகும். உங்களுக்கு யாராவது அதைப் பார்த்தாங்களா?"

"கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, கேட்காத கேள்விக்கு.

"சரி. இருந்தாலும் ரத்தம் கொடுத்துப் பாருங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. இந்த டப்பா அத்தனையையும் தூக்கிட்டுப் போய் டாக்டர் மேஜைமேல வைங்க."

மறுநாளே போனாள். இந்த முறை எண்ணை மட்டும் பார்க்கிற பழைய டாக்டர் அல்ல. அவர் ஓய்வுபெற்று, அந்த அறையில் வேகமாகப் பேசும் ஒரு பெண் டாக்டர் வந்திருந்தாள். டப்பாக்களைக் கணக்கெடுத்து, ஓரமாக நகர்த்திவிட்டு, அக்காவைப் படுக்கையில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். நைலான் நூல் ஒன்றால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொடுவாளாம். தொடும்போது தெரிந்தால் சொல்ல வேண்டும்.

"தெரியுது" என்றாள் அக்கா. சற்றுப் பொறுத்து, "தெரியுது." இன்னும் சற்றுப் பொறுத்து, "ஆங், தெரியுது."

"அம்மா," என்றாள் டாக்டர், "நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல."

கண்ணை மூடியபடியே அக்காவுக்கு அழுகை வந்தது. வெட்கமா, பயமா என்று பிரிக்க முடியாத அழுகை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒழுங்காகச் செய்தார்கள். இடது காலில் பத்துக்கு ஏழு, வலது காலில் பத்துக்கு ஐந்து.

மூன்று நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பி12 தரைதட்டியிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. ரத்தசோகை இல்லை, தைராய்டு சரியாக இருந்தது. டாக்டர் விரல்விட்டு விளக்கினாள். "ரெண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கீங்க. பி12-க்கு ஊசி போடலாம், முதல்ல அடுத்தடுத்து, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. மத்தியானம் கண் இறங்குதுன்னு சொன்னீங்களே, அது சுகர் இறங்கி வரல, ஏறி வருது. மீட்டர்ல பார்க்காம குளுக்கோஸைத் தொடாதீங்க. இந்த டப்பாவுல ஒண்ணுகூட உங்க அசதிக்கு மருந்து இல்ல."

"வண்டில உட்காரலாமா டாக்டர்?"

"கால் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாதப்போ, பெடல்ல எப்படி நம்பி வைப்பீங்க? மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். முழுசாத் திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறையப் பேருக்குத் திரும்பியிருக்கு."

அந்தப் பரிசோதனைக் காகிதத்தோடு ஸ்கூலுக்குப் போனால், முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். வாயெல்லாம் பல். "என்னம்மா, கலக்கிட்டீங்களாமே! அந்த மெடிக்கல் ஷாப் மேடம் ஃபோன் பண்ணிப் பாராட்டுறாங்க. வேணும்னே பிரேக் போடாம விட்டு டெஸ்ட் பண்ணீங்களாம். அடுத்த வாரத்திலிருந்து நெடுஞ்சாலை வகுப்பு முழுக்க நீங்கதான்."

நெடுஞ்சாலை வகுப்பு! அவள் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காகிதம் பையில், பொய் ஏற்கெனவே ஊர் சுற்றிவிட்டது, ஊசி ரகசியமாகப் போட்டுக்கொள்ளலாம். முற்றத்தில் அவளுடைய கார் நின்றிருந்தது. அடுத்த வகுப்புக்காரி, கல்லூரிப் பெண், சீட்டை முன்னால் இழுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் பிரேக் போடாத ரகம்தான்.

"சார், அது டெஸ்ட் இல்ல" என்றாள் அக்கா. "என் கால் தப்பிடுச்சு."

எல்லாவற்றையும் சொன்னாள். கிளட்ச், லாரி, குளுக்கோஸ், நூல், பத்துக்கு ஐந்து. முதலாளியின் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பத்தொன்பது வருஷமா உங்க காலை நம்பி நான் நிம்மதியா இருந்தேன்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். காரின் சாவியை மேஜைமேல் வைத்தாள். அன்றைக்கே பொம்மைக் கார் அறைக்குப் போனாள்.

முதலாளியிடம் சொன்னவளுக்கு மருந்துக்கடைக்காரியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வேறொரு ஆசிரியரோடு மீதி வகுப்பை முடித்து, முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாளே, அப்போதும் வரவில்லை. சொந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஒன்று. அடுத்தவர் சந்தோஷத்தைப் பிடுங்குவது வேறொன்று என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மற்றபடி அந்த மூன்று மாதத்தை அவள் வீணாக்கவில்லை. உடம்பைப் புதிதாகச் சேர்ந்த மாணவன் மாதிரி நடத்தினாள். ஒரே நாளில் கிளட்ச், கியர், கண்ணாடி எல்லாம் சொல்லிக்கொடுத்தால் எவனும் உருப்பட மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முதல் வாரம் காலைப் பட்டினியை மட்டும் நிறுத்தினாள். இரண்டு முட்டை, ஒரு ரொட்டி. இரண்டாவது வாரம் மத்தியானத் தட்டைப் பிரித்தாள்: பாதிக்குக் காய்கறி, கால்வாசி பருப்போ மீனோ, மிச்சம் இருக்கிற இடம்தான் சோற்றுக்கு. காயை முதலில் சாப்பிட்டு, சோற்றுக்குக் கடைசியில் வந்தாள். மூன்றாவது வாரம் சாப்பிட்டதும் ஸ்கூல் முற்றத்தைக் கால்மணி நேரம் சுற்றினாள். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அதைப் புருஷனிடம் ஒப்படைத்தாள். அவர் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, கம்ப்ரசரைப் பார்ப்பதுபோல் உள்ளங்காலைப் பார்த்து, "லீக் இல்ல" என்று தினமும் அறிக்கை தருவார்.

மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தி மீட்டரில் பார்ப்பாள். முதல்நாள் இருநூற்று அறுபது. ஒன்பதாவது வாரம் நூற்று அறுபத்தைந்து. பொம்மைக் கார் அறையில் இருந்தவர்களை எழுப்பி நிறுத்திக் காட்டாத குறைதான். அந்த வகுப்பையும் சும்மா விடவில்லை, பொம்மைக் கார்களை மோதவிட்டு, "இதுல யார் செத்தாங்க, ஏன்?" என்று கேட்கிற அவளுடைய முறையால் தூங்குமூஞ்சி வகுப்பு ஒன்று கலகலப்பாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கீழேயே அகப்பட்டாள், தோளில் புதுப் பையோடு. பேசிக்கொண்டே இருவரும் மாடி ஏறினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் வெறும் மேஜையைப் பார்த்து அவள் முகம் சுருங்கிப்போனது. "என் டப்பா எல்லாம் எங்க அண்ணி?"

"டாக்டர் வேண்டாம்னுட்டாங்கம்மா."

"நான் உங்க நல்லதுக்குத்தானே கொடுத்தேன்?" கண் நிறைந்துவிட்டது. பாசம்தான், அதில் சந்தேகமே இல்லை.

"தெரியும்டி. உன் பாசத்தை யாரு வேண்டாம்னா? டப்பாதான் வேண்டாம். எனக்குக் குறைஞ்சது ஒண்ணு, நான் முழுங்கினது ஒம்போது. எது குறையுதுன்னு பார்க்காம முழுங்கினது என் தப்பு, உன் தப்பு இல்ல."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஏதோ உறைத்தாற்போல் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். "அது சரி, மூணு மாடியும் நிக்காம ஏறி வந்தீங்களே? எனக்குத்தான் மூச்சு வாங்குது!" அண்ணி அப்போதுதான் கவனித்தாள். சந்தோஷம் தாங்காமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து நூல் சோதனை. இந்தத் தடவை தெரிந்ததை மட்டும் சொன்னாள். இடது காலில் ஒன்பது, வலது காலில் எட்டு. பெருவிரலுக்குக் கீழே இரண்டு இடம் பேசவே இல்லை. அவை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாள் டாக்டர். கால் எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. டாக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "டாக்டர் சொன்னாங்க, சரி. நான் என் கண்ணால பார்க்கணும்மா. முற்றத்துல கூம்பு வரிசையா வைக்கிறேன். ஒருத்தர் வேகமா அதை நோக்கி ஓட்டணும், நீங்க நிறுத்தணும். நிக்கலைன்னா அந்த அறைதான், அதுக்கப்புறம் கேட்கக் கூடாது. நானே ஓட்டட்டுமா?"

"வேண்டாம் சார். ஓட்ட வேண்டியவங்க வேற ஒருத்தங்க."

அக்கா கூப்பிட்டதும் மருந்துக்கடைக்காரி மத்தியானம் கடையை அடைத்துவிட்டுத் தன் சொந்தக் காரில் வந்து இறங்கினாள். காரைக் கோணலாக நிறுத்தியிருந்தாள். பார்த்ததும் திருத்தச் சொல்ல அக்காவுக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள். இப்போது திருத்த வேண்டியது வேறு.

"அன்னைக்கு லாரி வந்தப்போ நான் உங்களை டெஸ்ட் பண்ணலை. பிரேக்னு நெனைச்சு கிளட்சை மிதிச்சிட்டேன். கால் மரத்திருந்தது. பயத்துல பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

முதலாளி தூரப் போய்க் கூம்புகளை அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டார்.

"கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லியிருக்கேன்கா. எங்க அக்கா எனக்கு டெஸ்ட் வெச்சாங்க, நான் தேறிட்டேன்னு. எங்க வீட்டுக்காரர் காது புளிச்சுப்போச்சு."

"தெரியும்."

"கோவம் வருது எனக்கு."

"வரட்டும். திட்டுங்க."

அவள் திட்டவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ திரும்ப ஓட்டிப் பார்ப்பதுபோல் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ அன்னைக்கு வேற யாருமே பிரேக் போடலையா? உங்க காலோட துணைகூட இல்லாம, நானேதான் நிறுத்தினேனா?"

"நீங்கதான். நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்தினது நீங்கதான். அதைத்தான் நான் உங்ககிட்டருந்து எடுத்துக்கிட்டேன்."

மருந்துக்கடைக்காரியின் கண் கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்கூல் காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "ஏறுங்கக்கா. ஒண்ணு சொல்லிடுறேன். இன்னைக்கு நான் பிரேக்கைத் தொட மாட்டேன். என்ன ஆனாலும் சரி."

"கூம்புக்குப் பின்னால சுவரு இருக்கும்மா."

"தெரியும். அதான் சொல்றேன்."

அக்கா ஏறினாள். கார் நகர்ந்தது, இரண்டாவது கியர், மூன்றாவது. மருந்துக்கடைக்காரியின் கை நடுங்கவில்லை. கூம்புகள் வந்தன, அவற்றுக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர் வந்தது. பக்கத்தில் மருந்துக்கடைக்காரி இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அக்கா கீழே பார்க்கவில்லை. செருப்பைத் தாண்டியும் பிரேக் ரப்பரின் மேடுபள்ளம் உள்ளங்காலில் அழுந்தியது, இரண்டு இடம் தவிர எல்லா இடத்திலும். அழுத்தினாள்.

எஞ்சின் இருமி அணைந்தது. கார் நின்றது. முதல் கூம்பு பம்பருக்கு இரண்டு முழம் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

காலை எடுக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மருந்துக்கடைக்காரி எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி நடந்து வந்து ஜன்னலில் குனிந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு ரெண்டு மணி வகுப்புக்கு ஆள் வர்றாங்கம்மா. புதுசு. பிரேக்கே போட மாட்டாங்களாம்."